பண்ணைப்புரத்துக் கிதார்

இசையமைப்பாளர் இளையராஜாவைப் பற்றி எழுத இவ்விதழில் இடமுண்டா என்று வினவும் அன்பர்கள் இருக்கக்கூடும். மதரஸாவில் அரபுப் பாடம் நடத்தும் நமக்குக் கிதாரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்போரும் இருக்கக்கூடும். இரண்டும் நியாயமான வினாக்களே. இரண்டாவதற்கு உரிய விடையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்: பல்லாண்டுக் காலம் நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலேயே ஒரு தீர்ப்பு வழங்கினோம். அத்தீர்ப்பைப் பெற்றவன் நம் மாணவன். அவனுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியையேனும் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

நாம் சிறுவராயிருந்த நாள்களில், சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டாத வீடு நம் தெருவில் அரிது. பசைக் கிண்ணத்தைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்திருப்பர். கைகள் பெட்டியை ஒட்டும். காதுகள் வானொலியில் இருக்கும். திருநெல்வேலி வானொலி நிலையமும் இலங்கை வானொலியும் மாறி மாறி ஒலிக்கும். நோன்பு மாதத்தில் நாகூர் ஹனீபாவின் கம்பீரக் குரல் எழும். ஏனைய மாதங்களில், 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்த பின்னர், பெரும்பாலும் இளையராஜாவின் பாடல்களே. அப்பாடல்களுக்குள் ஒரு கிதார் இருக்கிறது என்பதை அந்நாளில் நாம் அறியவில்லை. நம் தாய்மாரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் பெட்டி ஒட்டும் கை சற்றே நின்று, பின் தொடர்ந்ததை நாம் கண்டதுண்டு.

இற்றைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன், நம் மாலை மக்தபில் ஓதிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, தந்தையைப் போலவே ஆஃப்செட் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்த்த கூலியில் பழைய கிதார் ஒன்றை வாங்கினான். செய்தி நம் செவிக்கு எட்டியது. அழைத்தோம். நரம்புக் கருவிகள் நமக்கு ஆகாதவை என்று சொன்னோம். அவன் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. மறுவாரமே அக்கருவியைக் கொடுத்துவிட்டான் என்று அறிந்தோம். நம் சொல்லுக்கு மதிப்பளித்தான் என்று அன்று பெருமிதம் கொண்டோம். அப்பெருமிதத்தின் கதையை இறுதியில் கூறுவோம். முதலில் இளையராஜாவிடம் வருவோம்.

ஒரு கைப் பெட்டியும் ஆறு நரம்பும்

திருவில்லிபுத்தூர் மலைத்தொடருக்கு வடமேற்கே, கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டி, இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள சிற்றூர் பண்ணைப்புரம். அங்கு 1943-இல் பிறந்தவர் இளையராஜா. பெற்றோர் இட்ட பெயர் ஞானதேசிகன். தந்தையார் இராமசாமி, தாயார் சின்னத்தாய். அன்னாரின் முதல் பாடசாலை தாயின் பாட்டும் வயல்வெளிப் பாட்டுமே. இரண்டாவது பாடசாலை தமையனார் பாவலர் வரதராசன். பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடி மக்களைத் திரட்டியவர் அவர். பதினான்கு வயதளவில் தமையனாரின் குழுவில் சேர்ந்த தம்பி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் தென்னாட்டின் ஊர்களெல்லாம் சுற்றினார். நேரு 1964-இல் மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற் கவிதைக்கு இசையமைத்ததே அவருடைய முதல் ஆக்கம் என்பர்.

1968-இல் சென்னை வந்தார். தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசானிடம் சேர்ந்தார். மேனாட்டுச் செவ்வியல் இசையை வரிவடிவில் படிக்கவும் எழுதவும் அங்கே கற்றார். பாக், மொசார்ட், சூபர்ட் போன்றோரின் ஆக்கங்கள் பாடநூல்களாயின. இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கருநாடக இசையும் பயின்றார். வயிற்றுப்பாட்டுக்குச் சலீல் சௌத்ரி முதலியோரின் குழுக்களில் கிதார் வாசித்தார். கன்னடத் திரையுலகின் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து ஏறத்தாழ இருநூறு படங்களில் பணியாற்றினார்.

இவ்வரலாறு தமிழ்நாட்டில் பலரும் அறிந்ததே. 'ஏழைச் சிறுவன் உயர்ந்தான்' என்ற கதையாகவே அதனைக் கூறி முடித்துவிடுகின்றனர். இத்துணைக் கருவிகளுக்கிடையே கிதார் அவருக்கு எதைக் கற்பித்தது என்று கேட்பார் குறைவு. நாம் அதனையே கேட்க விரும்புகிறோம்.

பாவலரின் குழுவில் இருந்த ஆர்மோனியத்தை எண்ணிப் பாருங்கள். இடக்கை துருத்தியை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டை வாசிக்க எஞ்சுவது வலக்கை ஒன்றே. ஆகவே மேடை ஆர்மோனியம் பெரும்பாலும் பாடகரின் குரலை ஒட்டியே ஒற்றை வழியில் செல்லும். நம் நாட்டுப்புறப் பாடலும் ஒற்றை வழியே. கருநாடக இசையும், எத்துணை நுட்பம் உடையதாயினும், ஒரு நேரத்தில் ஒரு வழியில் நடப்பதே. நம் ஃபக்கீர்மார்கள் தஃப் அடித்துப் பாடும் பாட்டும், நம் வீட்டுப் பெண்கள் ஓதும் முனாஜாத்தும், குணங்குடி மஸ்தான் சாகிபின் கீர்த்தனைகளும் அவ்வழியினவே.

செவ்வியல் கிதாரோ வேறு வகை. வலக்கையின் பெருவிரல் தடித்த நரம்புகளில் கீழ்க்குரலை நடத்தும். மற்றை விரல்கள் மெல்லிய நரம்புகளில் மேற்குரலையும் இடைக்குரலையும் நடத்தும். ஆறு நரம்பில், ஒருவர் கையில், இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் உரையாடுவது போன்ற நிலை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமலும், அதே வேளையில் வாய்மூடி இராமலும் நடக்கும் உரையாடல் அது. இதைப் பயில்பவர் ஒரு பாட்டைக் கேட்கும்போதே அதன் அடியில் செல்லத்தக்க மற்றொரு பாட்டையும் கேட்கத் தொடங்கிவிடுவார்.

இளையராஜாவின் தனித்தன்மை இங்கேதான் பிறந்தது என்பது நம் கருத்து. அவர் தாயின் ஒற்றைப் பாட்டை விடவில்லை; அதன் அடியில் இரண்டாவது பாட்டை ஓட விட்டார். 'அன்னக்கிளி'யில் மக்கள் கேட்டது தங்கள் வயற்காட்டுப் பாட்டை. ஆயினும் அதனைத் தாங்கி நின்ற இசைக்குழு மேனாட்டு முறையில் பயின்ற ஒருவர் எழுதியது. கிராமத்துப் பாட்டு அங்கே கொச்சைப்படுத்தப்படவும் இல்லை. மேனாட்டு முறை ஒட்டுப் போட்டதுபோல் துருத்திக்கொண்டு நிற்கவும் இல்லை.

செவி கொடுத்துக் கேட்டால்

சான்று வேண்டுவோர்க்கு இரண்டு கூறுவோம். 1980-இல் வந்த 'மூடுபனி', இளையராஜாவின் நூறாவது படம். அதில் கதாநாயகன் கிதாரைக் கையிலேந்திப் பாடுவதாக ஒரு பாடல், பாடியவர் கே.ஜே. யேசுதாஸ். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் நிலவைப் பற்றிய ஒரு பாடல், பாடியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், கிதார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இரண்டாவது பாடலில் நரம்புகள் ஒருசேர அடிக்கப்படுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மீட்டப்படுகின்றன. ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டிய சுரங்களைப் பிரித்து, மணி கோத்தாற்போல் வரிசையாக ஒலிக்கச் செய்யும் முறை அது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் அக்கிதார் ஓய்வதில்லை. பாடகர் வந்ததும் முந்திக்கொள்வதும் இல்லை. குரலை நீக்கிவிட்டுக் கேட்டாலும் அது தானே ஒரு பாட்டாக நிற்கும். தாங்கும் பணியைச் செய்துகொண்டே தனக்கென ஒரு சொல்லும் உடையதாக இருப்பது எளிதன்று.

அதனினும் நுட்பமானது, பலர் கவனியாத கீழ்நரம்புக் கிதார். பேஸ் கிதார் என்று வழங்கும் அது, ஏனைய திரைப்பாடல்களில் பெரும்பாலும் தாளத்திற்குத் துணையாகத் 'தும் தும்' என்று நிற்கும். இளையராஜாவிடம் அது நடக்கிறது, ஏறுகிறது, பாடகர் மேலே செல்லும்போது கீழே இறங்கி எதிர்கொள்கிறது. செவ்வியல் கிதாரில் பெருவிரல் பயின்ற பாடம் தனியொரு கருவியாக வளர்ந்த நிலை என்றே அதனைக் கொள்ளலாம். 1986-இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் தனி இசைத் தொகுப்பில், தியாகராசரையும் பாக்கையும் ஒரே கூடத்தில் அமர வைக்க முனைந்தார். 2025 மார்ச் 8 அன்று, எண்பத்தோராம் வயதில், இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். பல குரல்கள் ஒருங்கே பேசும் அந்தப் பெருவடிவத்தின் முதல் அடி, ஆறு நரம்பில் விரல் வைத்துப் பழகிய நாளில் எடுத்து வைக்கப்பட்டதே.

இல்முக்கு ஆசான் தொடர் இன்றியமையாதது என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார் என்பதே நம் கல்வியின் முதுகெலும்பு. இளையராஜாவின் வாழ்வில் அம்முறை தெளிவாகத் தெரிகிறது. தாய், தமையன், தன்ராஜ், கோபாலகிருஷ்ணன் என ஒவ்வொருவரிடமும் இன்னது கற்றார் என்று சொல்ல முடிகிறது. அதே தன்ராஜ் மாஸ்டரிடம் பிற்காலத்தில் பயின்ற மற்றொருவர் நம்மவரான ஏ.ஆர். ரஹ்மான் என்பதையும் நினைவிற் கொள்ளலாம். 'தானாக வந்தது', 'பிறவி ஞானம்' என்று மேடையில் புகழ்வோர், அன்னார் விளக்கின் முன் அமர்ந்து எழுதிப் பழகிய ஏடுகளை மறந்துவிடுகின்றனர்.

நம்மவர் செய்யும் வீண் பெருமை

கிதார் என்றதும் நம் சமுதாயப் பேச்சாளர் சிலர் ஸ்பெயினுக்குப் பாய்ந்துவிடுவர். 'கிதாரை உலகிற்கு அளித்தவர்கள் முஸ்லிம்களே' என்று முழங்குவர். அரபு படித்தவன் என்ற முறையில் இதனைச் சற்றுத் திருத்த வேண்டியது நம் கடமை. அரபியில் 'கீஸாரா' என்றொரு சொல் உண்டு. அது கிரேக்கத்தின் 'கிதாரா'விலிருந்து வந்தது. அரபுகள் பேணி வளர்த்த கருவி 'ஊத்'. 'அல்ஊத்' என்னும் பெயரே ஐரோப்பாவின் 'லூட்' ஆயிற்று என்பது உண்மை. பக்தாதிலிருந்து சென்று 822-இல் குர்துபாவை அடைந்த ஸிர்யாப், ஊத்துக்கு ஐந்தாம் நரம்பு சேர்த்தார் என்றும், கழுகிறகின் முள்ளால் மீட்டினார் என்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர். அல்ஃபாராபி இசைக்கலை பற்றிப் பெருநூல் ஒன்று யாத்தார். ஆனால் ஊத்தின் முதுகு உருண்டையானது. கிதாரின் முதுகு தட்டையானது. இன்று நாம் காணும் கிதாரின் வடிவை நிலைநிறுத்தியவர் 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் என்னும் தச்சர். ஆகவே, அந்தலூசிய இசையின் காற்றுப் பட்ட கருவி கிதார் என்று கூறலாம். நாமே படைத்தது என்று கூறலாகாது.

இதில் மற்றொரு முரண்பாடும் உண்டு. மீலாது மேடையில் ஸிர்யாபைப் புகழ்ந்துவிட்டு வீடு திரும்பி, மகன் கையில் இருக்கும் கிதாரைப் பிடுங்குகிறோம். ஸிர்யாப் பெருமைக்குரியவர் என்றால் மகனிடம் ஏன் கோபம்? மகன் தவறு செய்தான் என்றால் ஸிர்யாப் எங்ஙனம் பெருமைக்குரியவர் ஆனார்? இரண்டில் ஒன்றையேனும் நாம் சிந்தித்துச் சொல்ல வேண்டும்.

ஃபிக்ஹு நிலையை மறைக்க நாம் விரும்பவில்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை இமாம்கள் நரம்புக் கருவிகளை விலக்கியே உள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் 'ஸமாஉ' பற்றித் தனி நூலே வகுத்துள்ளார்கள். இனிய ஒலி, இனிமையாக இருப்பதனாலேயே விலக்கப்படுவதன்று. அங்ஙனமாயின் குயிலின் குரலையும் விலக்க வேண்டிவரும் என்பது அவர்களின் வாதத்தின் சாரம். எனினும் மதுக்கூடத்தாரின் அடையாளமாக இருந்த காரணத்தால் நரம்பு, துளைக் கருவிகளை அவர்களும் விலக்கினார்கள். குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) விலக்குக்குரிய அறிவிப்புகளின் வலிமையை மறுத்து, அனுமதிக்கும் பக்கம் நின்றார்கள். திமஷ்கின் ஹனஃபி அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (ரஹ்), கருவி இசையைக் கேட்பது பற்றித் தனி நூலெழுதி, கேட்பவரின் நோக்கத்தையும் சூழலையும் பொறுத்துத் தீர்ப்பு மாறும் என்று வாதிட்டார்கள். நாம் நம் ஆசிரியர்களிடம் கற்ற பெரும்பான்மை வழியிலேயே இன்றும் நிற்கிறோம். நம் வீட்டில் இசைக்கருவி இல்லை. ஆயினும் கருத்து வேறுபாடு உள்ள ஒன்றை, வேறுபாடே இல்லாதது போல் ஒரு பிள்ளையிடம் கூறியது அறிவுடைமை ஆகாது.

குறைகளும் சொல்லத்தான் வேண்டும்

ஒருவரை மதிப்பிடும்போது நிறையை மட்டும் எழுதுவது முகத்துதி. இளையராஜாவின் இசையிலும் நாம் வருந்தும் இடங்கள் உள. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர் என்பர். அத்துணை விரைவில், கிதார் மீட்டும் சில அமைப்புகள் வாய்ப்பாடாகவே மாறித் திரும்பத் திரும்ப வந்துள்ளன. முன்னர் வியந்த நடையைப் பத்தாம் பாடலில் கேட்கும்போது செவி சலிக்கிறது.

அதனினும் பெரிய வருத்தம், அவ்வுயர்ந்த இசை சேவை செய்த இடங்களைப் பற்றியது. குடும்பத்தோடு அமர்ந்து காணக் கூசும் காட்சிகளுக்கும், சொல்லக் கூசும் சொற்களுக்கும் அப்பல குரல் இசை ஆடையாகப் பயன்பட்டிருக்கிறது. பாட்டை எழுதியவர் வேறு, படம் எடுத்தவர் வேறு என்று கூறி இசையமைப்பாளரை முற்றும் விடுவிக்க நம்மால் இயலவில்லை. கஸ்ஸாலி இமாமின் கவலை இத்தகைய இணைப்பைப் பற்றியதுதான். அது நூல்களில் உறங்கும் பழங்கவலை அன்று. நம் வீட்டுக் கூடத்தில் உள்ளது. ஆனால் அதே இளையராஜா 1992-இல் 'செம்பருத்தி' படத்தில் நாகூர் ஹனீபாவை அழைத்துப் பாட வைத்தார். பள்ளிவாசல் தெருக்களிலும் மேடைகளிலும் வளர்ந்த அக்குரலை, அதன் இயல்பு கெடாமலேயே தம் இசைக்குள் அமர்த்தினார். கருவி ஒன்றே, கை ஒன்றே, பயன் வேறு. இந்த வேறுபாட்டை அறியப் பிள்ளைகளைப் பழக்குவதே பெற்றோரின் கடமை.

மூன்றாவது குறை, இத்துறைக்கே உரியது. இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்கள் இருக்கும். கிதார் மீட்டியவரின் பெயர் பெரும்பாலும் இராது. சந்திரசேகரின் பெயரையும் சதானந்தத்தின் பெயரையும் இசை ஆர்வலர் சிலரே அறிவர். தாமே கூலிக்குக் கிதார் வாசித்து உயர்ந்தவர் எழுதிய இசையிலேயே கிதார் வாசித்தவர் பெயர் மறைந்துபோனது வருந்தத்தக்கது. இது நம் ஊருக்குப் புதிய செய்தி அன்று. சிவகாசி நாட்காட்டியின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். வண்ணம் பிசகாமல் இரவெல்லாம் எந்திரத்தருகே நின்றவன் பெயர் இராது.

தீர்ப்பும் அறிவும்

அப்படி நின்றவர்களுள் ஒருவன்தான் நம் மாணவன். சில ஆண்டுகட்கு முன், ஆடிப்பெருக்கை ஒட்டிப் புது நாட்காட்டி ஆல்பங்கள் வெளியாகும் நாள்களில், மதரஸாவுக்கென்று ஒரு நாட்காட்டி கொண்டுவந்தான். இன்று அவனுக்கு மனைவி மக்கள் உளர்; ஐவேளைத் தொழுகையும் தவறாதவன். பேசிக்கொண்டிருக்கையில் அவன் கைப்பேசி ஒலித்தது. மேலே நாம் குறித்த நிலவுப் பாடலின் கிதார்! அவன் நாணிச் சட்டென்று அணைத்தான்.

ஏனோ நாம் கேட்டோம்: "அதிலே அப்படி என்னப்பா இருக்கு?"

"ஹஸரத், ரெண்டு பேரு பேசுற மாதிரி இருக்கும். ஆனா வாசிக்கிறது ஒரே ஆளுதான்" என்றான். மேசை விளிம்பில் விரல்களை வைத்துக் காட்டினான். பெருவிரல் கீழே நடந்தது. மூன்று விரல்கள் மேலே மீட்டின. பல்லாண்டாகக் கருவியைத் தொடாத கை, மறக்கவில்லை. இக்கட்டுரையில் கிதாரைப் பற்றி நாம் கூறியவற்றுள் முதற்பாடம் அன்று அவனிடம் கற்றதே. மற்றவை அதன் பின் தேடிக் கேட்டவை, படித்தவை.

அவன் போன பின் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். ஒரு பொருளின் மீது தீர்ப்புரைப்பது, அப்பொருளை உள்ளவாறு விளங்கிக்கொண்ட பின்னரே என்பது உஸூலில் நாம் ஆண்டுதோறும் நடத்தும் விதி. கரும்பலகையில் எழுதிப் பொருள் கூறி, மாணவர் வாயால் திரும்பச் சொல்ல வைக்கும் விதி. அவ்விதியை, அது தேவைப்பட்ட நாளில், நாமே கைக்கொள்ளவில்லை. அவன் எதை வாசிக்கிறான், எவ்விடத்தில், எதற்காக, தொழுகையை விட்டானா, கூடாத கூட்டம் சேர்ந்தானா என்று ஒரு வினாவும் கேட்டோமில்லை. எல்லாவற்றையும் கேட்டறிந்த பின்னும் நம் தீர்ப்பு அதுவாகவே இருந்திருக்கலாம். அப்போது அது ஓர் ஆசிரியனின் தீர்ப்பாக இருந்திருக்கும்; அன்று நாம் தந்ததோ வெறும் அதட்டல்.

இதை அவனிடம் சொன்னோம். மறுவாரம் ஜும்ஆவுக்குப் பின் அழைத்து, "அன்று உன்னிடம் கேட்காமல் சொல்லிவிட்டோம், அது நம் பிழை" என்றோம். "நீங்க சொன்னது என் நன்மைக்குத்தானே ஹஸரத்" என்றான். அச்சொல்லில் பெருந்தன்மை இருந்தது. நமக்கு ஆறுதல் இல்லை.

பண்ணைப்புரத்துச் சிறுவன் ஒருவனுக்குத் தாயும் தமையனும் செவி தந்தனர். தன்ராஜ் என்னும் ஆசான் அவன் கேட்டதற்கு முறை தந்தார். அவ்வாசான் முதல்நாளே கதவைச் சாத்தியிருந்தால், தாயின் பாட்டு அச்சிற்றூரின் வயல்வரப்பிலேயே தங்கியிருக்கும். ஆசிரியனாகிய நாம் இதிலிருந்து பெறும் பாடம் இசையைப் பற்றியது மட்டுமன்று. பிள்ளை எதைக் கொண்டு வந்தாலும், கருவியாயினும் கவிதையாயினும், முதலில் அமரச் சொல்லிக் கேட்போம், விளங்கிக்கொள்வோம், பின்னர் மார்க்கம் கூறுவதை மறைக்காமல் கூறுவோம். பெற்றோரும் தம் பிள்ளைகள் கேட்கும் பாட்டை ஒருமுறையேனும் உடனிருந்து கேட்கட்டும். அதில் எது இசை, எது சொல், எது காட்சி என்று பிரித்து அறியக் கற்பித்தால், தள்ள வேண்டியதைப் பிள்ளைகள் தாமே தள்ளுவர்.

அறியாமல் தீர்ப்புரைத்த நாவை வல்ல அல்லாஹ் மன்னிப்பானாக! கேட்டறிந்து பேசும் பக்குவத்தை நமக்கும் நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.